திருப்பூரில் ஆறு லைன் வீடு, விலை 62 லட்சம்: வாங்கலாமா?

கேள்வி: நான் ஈரோட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 47. கணவர் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். கையில் 28 லட்சம் இருக்கிறது. திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் 5 சென்ட்டில் ஆறு லைன் வீடு (ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய சின்ன வாடகை வீடுகள்) விலைக்கு வந்திருக்கிறது. முன்னால் நான்கு வீடு தார்சு (கான்கிரீட் கூரை), பின்னால் இரண்டு சிமெண்ட் ஷீட். கட்டி 25 வருடம் ஆகிறதாம். மூன்று பொதுக் கழிப்பறை, ஒரு போர்வெல். வாடகை மொத்தம் மாதம் 26,000 வருகிறது என்கிறார்கள். அப்பா சொத்தை அண்ணன் தம்பி இருவர் விற்கிறார்கள், 62 லட்சம் கேட்கிறார்கள். பக்கத்தில் காலி மனை சென்ட் 7 லட்சம் போகிறது. பெயிண்ட் அடித்து டைல்ஸ் போட்டால் வீட்டுக்கு 6,000 வாங்கலாம் என்று புரோக்கர் சொல்கிறார். மீதிப் பணத்துக்கு லோன் போடலாம் என்றிருக்கிறோம். ஈரோட்டில் எங்களுக்குத் தரைத் தளம் மட்டும் உள்ள சொந்த வீடு உண்டு. ரிட்டயர் ஆனபின் மாதாமாதம் ஒரு வருமானம் வேண்டும் என்பதுதான் நோக்கம். வாங்கலாமா? வாங்கினால் என்ன வேலை செய்ய வேண்டும், ஈரோட்டில் இருந்துகொண்டு எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்:

வணக்கம் டீச்சர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 62 லட்சத்துக்கு இந்த இடம் வேண்டாம். 45-க்கு இறங்கி வந்து, பத்திரமும் சரியாக இருந்தால் யோசிக்கலாம். இதைவிட நல்ல வழி ஒன்று உங்கள் கடிதத்திலேயே ஒரு வரியாகக் கிடக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் சிவில் இன்ஜினியர். கோவை, திருப்பூர் பக்கம் பழைய வீடுகளைச் சரி செய்வதும், வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களுக்காக வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்வதும்தான் தொழில். லைன் வீடு வாங்க வருகிற எல்லோரும் மொத்த வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டுத்தான் என் முன்னால் உட்காருகிறார்கள். புரோக்கர் காட்டுகிற கணக்கும் அதுதான். கையில் நிற்பது எவ்வளவு என்பது வேறு கணக்கு, அதைப் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சரி, போட்டுப் பார்ப்போம். விலை 62. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம், அது ஐந்தரை லட்சத்துக்கு மேல். வீட்டை ஆள் குடியிருக்கும் நிலைக்குச் சரியாகக் கொண்டுவர ஒரு 8 லட்சம், அந்த விவரம் கீழே. மொத்தம் 75 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வருமானப் பக்கம் வாருங்கள். மாதம் 26,000 என்றால் வருடத்துக்கு 3,12,000. ஆறு வீடும் பன்னிரண்டு மாதமும் நிறைந்திருக்காது, ஒரு வீட்டுக்கு வருடத்தில் ஒரு மாதம் காலி என்று வைத்தால் அதில் 26,000 போய்விடும். சொத்து வரி, தண்ணீர் வரி, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க், பொது விளக்கு, ஆள் மாறும்போது சுண்ணாம்பு என்று வருடத்துக்கு 40,000 ஒதுக்குங்கள், இது தாராளம் இல்லை. நீங்கள் ஈரோட்டில் இருப்பதால் அங்கே ஒருவர் பார்த்துக்கொள்ள மாதம் 3,000 ஆகும், வருடத்துக்கு 36,000. மிச்சம் 2,10,000. எழுபத்தைந்தரை லட்சத்துக்கு அது 2.8 சதவீதம். வாடகையை 30,000 ஆக ஏற்றினாலும் மூன்றரை சதவீதத்தைத் தாண்டாது. பேங்க் டெபாசிட்டே இதைவிட அதிகம் கொடுக்கும், நடுராத்திரியில் மோட்டார் ஓடவில்லை என்று போனும் வராது.

லோன் பக்கம் இன்னும் கஷ்டம். அரசு ஊழியருக்கு 60 வயதில் ஓய்வு, உங்களுக்கு இன்னும் 13 வருடம். பேங்க் அதற்குள் முடிகிற மாதிரிதான் தவணை போடப் பார்க்கும். விலைக்கு மட்டும் 34 லட்சம் கடன், வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 37,000 ரூபாய் வரும். வாடகையில் செலவு போக நிற்பது 17,500. மீதி 19,500-ஐ மாதா மாதம் உங்கள் சம்பளத்திலிருந்து 13 வருடம் கட்ட வேண்டும். பதிவுச் செலவுக்கும் ரிப்பேருக்கும் வேண்டிய பதிமூன்றரை லட்சத்துக்கு நாம் இன்னும் வழியே சொல்லவில்லை. வாடகையே லோனைக் கட்டிவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

45 என்று எங்கிருந்து சொல்கிறேன்? பக்கத்தில் சென்ட் 7 லட்சம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 5 சென்ட்டுக்கு 35 லட்சம். அப்படியென்றால் அவர்கள் கட்டடத்துக்கு மட்டும் 27 லட்சம் கேட்கிறார்கள். ஒரு வீடு 240 சதுர அடி என்று வைத்தால் ஆறும் சேர்ந்து 1,440 சதுர அடி. இந்தத் தரத்தில் சதுர அடிக்கு 2,000 ரூபாய் போட்டுப் புதிதாகவே கட்டினாலும் 29 லட்சத்துக்குள் முடியும். 25 வருடம் ஓடிய கட்டடத்துக்கு, அதிலும் இரண்டு வீடு ஷீட் கூரை, புது விலை கேட்கிறார்கள். கட்டடத்துக்கு 10 லட்சம் போடலாம், அதற்கு மேல் என் மனது ஒப்பவில்லை. 45-க்கு முடிந்தால் பதிவும் ரிப்பேரும் சேர்த்து 57 லட்சத்தில் நிற்கும், கடன் 29 லட்சம், தவணை சுமார் 31,600. வேலை முடித்து வீட்டுக்கு 5,000 வாங்கினால் செலவு போக மாதம் 21,000 நிற்கும், நீங்கள் கையிலிருந்து போடுவது பத்தாயிரத்துச் சொச்சம். அது தாங்கக்கூடிய சுமை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு நாள் நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் போங்கள், புரோக்கர் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் பனியன் கம்பெனி லீவு, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆறு கதவையும் தட்டி, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஓனர் மாறப் போகிறார் என்றால் அவர்களே மனசுவிட்டுப் பேசுவார்கள், எங்கே ஒழுகுகிறது, எந்தக் கழிப்பறை அடைக்கிறது என்பது உட்பட. முக்கியமாக, யாராவது போக்கியத்துக்கு இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பவர்கள் லைன் வீடுகளில் உண்டு. வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் வில்லங்கச் சான்றில் அது தெரியவே தெரியாது, அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அட்வான்ஸும் அப்படித்தான். ஆறு பேரின் அட்வான்ஸையும் கூட்டி விலையில் கழித்துக்கொள்ளுங்கள், யார் யாருக்கு எவ்வளவு என்பதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 26,000 என்பதற்கு அவர்கள் நோட்டைக் காட்டினால் போதாது, பேங்க் கணக்கிலோ ஜிபேயிலோ ஆறு மாத வரவைக் காட்டட்டும்.

இனிப் பத்திரம். அப்பா சொத்தை அண்ணன் தம்பி இருவர் விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா தங்கை யாரும் இல்லையா? அம்மா உயிரோடு இருக்கிறாரா? அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகன்களைப் போலவே மகள்களுக்கும் மனைவிக்கும் அதில் பங்கு உண்டு. கல்யாணத்தின்போது நகை போட்டு அனுப்பிவிட்டோம், அவர்கள் கேட்க மாட்டார்கள் என்று வாய்ப்பேச்சில் சொல்வதை நம்பிப் பணம் போடக் கூடாது. வாரிசுச் சான்று வாங்கிப் பார்த்து, அதில் உள்ள அத்தனை பேரும் ஒன்று கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து ஏற்கெனவே பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். இதில் மட்டும் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

மனை அங்கீகாரம் பெற்றதா என்பது அடுத்தது. ஊருக்கு வெளியே இருந்த தோட்டங்கள்தான் திருப்பூரில் மனையாகி மனையாகி இன்றைக்கு நகரமாகி நிற்கின்றன, அவற்றில் பல அங்கீகாரம் கேட்டுப் போட்டவை அல்ல என்பது அந்தப் பக்கம் நிலம் வாங்கியவர்களுக்குத் தெரியும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரமான அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-ல் திட்டம் கொண்டுவந்தது. இந்த மனைக்கு அந்த ஆணை வாங்கியிருக்கிறார்களா, கட்டடத்துக்கு வரைபட அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் பேங்க் லோன் அங்கேயே இழுக்கும், கிடைத்தாலும் நிலத்துக்கும் தார்சு வீட்டுக்கும்தான் மதிப்புப் போடுவார்கள், ஷீட் வீட்டை அனேகமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அப்புறம் தடம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வருகிற வழி யாருடையது? பத்திரத்தில் தட பாத்தியம், அதாவது அந்த வழியில் போய்வரும் உரிமை, எத்தனை அடி என்று எழுதியிருக்கிறதா? அளவு இல்லாமல் சும்மா ‘மாமூல் தடம்’ (வழக்கமாகப் போய்வரும் வழி) என்று மட்டும் இருந்தால், நாளைக்குப் பக்கத்து இடம் கைமாறும்போது உங்கள் ஆறு வீட்டுக்கும் லாரி என்ன, ஆட்டோகூட வர முடியாமல் போகலாம். மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) நான்கையும் ஒரு வக்கீலிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். புரோக்கர் காட்டுகிற வக்கீல் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும்.

ஒரு விஷயம், நீங்கள் அரசு ஆசிரியை என்பதால். அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அசையாச் சொத்து வாங்குவதைத் துறைக்கு முன்கூட்டித் தெரிவித்துச் செய்ய வேண்டும். பத்திரம் முடித்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இனி ரிப்பேர். இதில்தான் ரொம்பப் பேர் பணத்தை வீணடிக்கிறார்கள். பெயிண்டும் டைல்ஸும் கண்ணுக்குத் தெரியும், அதனால் அதில் போய்க் கொட்டுகிறார்கள். லைன் வீட்டில் வாடகை ஏறுவது தரை பளபளப்பாக இருப்பதால் இல்லை, கழிப்பறை தனியாக இருப்பதால். ஆறு குடும்பத்துக்கு மூன்று கழிப்பறை என்றால் காலை ஆறரை மணிக்கு அங்கே என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எட்டரைக்குக் கம்பெனி, குழந்தைக்கு ஸ்கூல், எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கெட்டோடு நிற்பார்கள். நான் பார்த்த இப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில் கழிப்பறையின் தகரக் கதவு அடிப்பக்கம் ஒரு ஜாண் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், உள்தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு கயிறு, லைட் ஸ்விட்ச் வெளியே. அந்த வீட்டில் வயசுப் பெண் உள்ள எந்தக் குடும்பமும் தங்காது, வேறு இடம் கிடைத்தவுடன் போய்விடும். இன்னும் மூன்று கழிப்பறை கட்டி வீட்டுக்கு ஒன்று என்று பூட்டுச் சாவியோடு கொடுங்கள். குழாய், செப்டிக் இணைப்பு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ஒரு லட்சம் வரை ஆகும், மொத்தம் மூன்று லட்சம். இடம் இருக்கிறதா, இருக்கும் செப்டிக் டேங்க் ஆறு குடும்பத்தைத் தாங்குமா என்று முதலில் மூடியைத் திறந்து அளந்து பார்க்க வேண்டும். அந்தச் செலவு வாடகையிலும் தெரியும், ஆள் அடிக்கடி மாறாமல் இருப்பதிலும் தெரியும். குடியிருப்பவர்களுக்கு அதுதான் மரியாதை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டேங்க் நிறைந்தால் லாரி வைத்து உறிஞ்சுங்கள், அதுவும் மாநகராட்சி உரிமம் உள்ள லாரி. எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம், உள்ளே இருக்கும் விஷவாயு நிமிடத்தில் உயிரைக் குடித்துவிடும்.

அடுத்தது மேற்கூரை. தார்சு வீடுகளின் உட்கூரையை வெளிச்சம் அடித்துப் பாருங்கள். துருக்கறை கோடு கோடாகத் தெரிந்தாலோ, பூச்சு தொப்பையாகத் தொங்கினாலோ உள்ளே கம்பி அரித்துவிட்டது. ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கெட்டியான சத்தம் வரும், விட்டுப்போன இடத்தில் பொத்தென்று கேட்கும். ஒன்றிரண்டு இடம் என்றால் உதிர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து மருந்து பூசி, பாலிமர் கலவை வைத்து மூடலாம். அறையில் பாதி அப்படி என்றால் கூரையையே மாற்ற வேண்டும், அப்போது நான் கட்டடத்துக்குப் போட்ட 10 லட்சத்தையும் எடுத்துவிட்டு வெறும் மண் விலைக்குப் பேசுங்கள். மொட்டை மாடியில் பதித்த தட்டை ஓடு பெயர்ந்திருந்தால் முதல் வேலையே அதுதான். மழைக்கு முன் அதை முடிக்காமல் உள்ளே பெயிண்ட் அடிப்பது வீண்.

பின்னால் இருக்கும் ஷீட் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உடைத்து இறக்கினால் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், தண்ணீர் தெளித்து நனைத்து முழுசு முழுசாக இறக்கச் சொல்லுங்கள், வேலை செய்கிறவர்களுக்கு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அந்த இரண்டு வீட்டிலும் சித்திரை வைகாசியில் பகலில் குழந்தைகள் இருக்க முடியாது, அதனால்தான் லைனில் முதலில் காலியாவது எப்போதும் ஷீட் வீடாக இருக்கிறது. அதற்குப் பதில் வெப்பம் தடுக்கும் கூரைத் தகடு போட்டு, கீழே ஒரு சீலிங்கும் அடித்தால் ஓரளவு தாங்கும்.

தண்ணீர் சொல்லியே ஆக வேண்டும். திருப்பூரில் போர் போட்ட இடமெல்லாம் நல்ல தண்ணீர் கிடையாது. சாயக் கழிவு பல வருடம் நொய்யலிலும் நிலத்திலும் இறங்கி, 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்து லேபில் கொடுங்கள், சில நூறு ரூபாய்தான். உப்பு அதிகம் என்றால் இரும்புக் குழாய், மோட்டார், சுவர்ப் பூச்சு மூன்றும் சீக்கிரம் போகும், பைப் எல்லாம் பிளாஸ்டிக்குக்கு மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாநகராட்சிக் குடிநீர் இணைப்பு உண்டா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தரைத்தொட்டி எத்தனை லிட்டர் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள். சுவரில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு ஓதம் (ஈரம்) ஏறியிருந்தால் அதன்மேல் பட்டியும் பெயிண்டும் அடிக்காதீர்கள், ஒரு மழைக்காலத்தில் பொரிந்துவிடும். அந்த உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் புதுசாகப் பூசி, மேலே சாதாரணச் சுண்ணாம்பு போதும்.

கரண்ட். ஆறு வீட்டுக்கும் தனித்தனி இ.பி. சர்வீஸ் இருக்கிறதா, அல்லது ஒரே சர்வீஸில் சப்-மீட்டர் வைத்துப் பிரித்துக் கொடுக்கிறார்களா? தனி சர்வீஸ் என்றால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசின் இலவச யூனிட் தனித்தனியாகக் கிடைக்கும், பில்லை அவர்களே கட்டுவார்கள். ஒரே சர்வீஸ் என்றால் ஆறு வீட்டு யூனிட்டும் கூடி மேல் ஸ்லாபுக்குப் போய், அதை யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீங்கள் வசூலிக்க, மாதா மாதம் அதுவே சண்டை. வயரிங் பழசாக இருந்தால் மாற்றி, வீட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாகவே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரச் சுவரில் கை வைத்து ஷாக் அடித்தால் போவது ஒரு உயிர், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பார்த்துக்கொள்ளும் விஷயம். வாடகைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் தென் மாவட்டத்தினர், பாதிப் பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள். யார் நல்லவர் யார் கெட்டவர் என்பது ஊரை வைத்து வருவதில்லை. மாதம் 5-ம் தேதிக்குள் வாடகை, ஒரு வீட்டில் இத்தனை பேர், மோட்டார் இத்தனை மணிக்கு என்று முதல் நாளே அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் ஒழுங்காகவே இருக்கிறார்கள். நான்கு பேர் என்று பேசிவிட்டு எட்டுப் பேர் தங்குவதுதான் லைன் வீட்டின் நிஜப் பிரச்சினை, தண்ணீரும் டேங்கும் அங்கேதான் அடிவாங்கும். அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஆதார் நகல் வாங்கி, காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரம் கொடுங்கள்.

ஒப்பந்தம் எழுதுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1960-ம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் கொண்டுவந்த புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்குள். இந்தப் பக்கம் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இருக்கிறது, நீங்கள் அதில் போகாதீர்கள். வாடகை பாக்கி என்றாலும் கரண்டைப் பிடுங்குவது, தண்ணீரை நிறுத்துவது சட்டப்படி கூடாது. எழுத்தும் பதிவும் உங்களிடம் இருந்தால் பாக்கி வைப்பவரிடம் முறைப்படி போகலாம், இல்லை என்றால் உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது.

ஈரோட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தினமும் ஓட முடியாது. அந்த ஆறு குடும்பத்திலேயே நிதானமான ஒருவரை, அனேகமாக ரொம்ப வருடமாக இருப்பவரைப் பார்த்து, வாடகையில் குறைத்துக்கொண்டு மோட்டார், விளக்கு, வாசல் சுத்தம் இவற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். பண வசூலை மட்டும் அவர் கையில் விடாதீர்கள். எல்லோரும் நேராக உங்கள் கணக்குக்கே அனுப்பட்டும், அவருக்கும் அது நிம்மதி. பக்கத்துத் தெருவில் ஒரு பிளம்பர், ஒரு எலெக்ட்ரீஷியன் நம்பர் அவரிடம் இருக்க வேண்டும், ஐந்நூறு ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே வேலை முடிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை நீங்கள் நேரில் போய் நிற்பது மிக அவசியம்.

வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகையில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழித்து, கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் அதில் நஷ்டம் வந்தால் புது வரித் திட்டத்தில் அதைச் சம்பளத்தோடு ஈடு செய்ய முடியாது. லோன் போட்டால் வரி மிச்சம் என்ற பேச்சு உங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

திருப்பூரில் வாடகை என்பது பனியன் கம்பெனிகளுக்கு வரும் ஏற்றுமதி ஆர்டரோடு கட்டிப்போட்டது என்பதையும் மறக்கக் கூடாது. 2020 ஊரடங்கில் ஆட்கள் ஊருக்குப் போனபோது லைன் லைனாகக் காலியாக நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோதும் அந்த ஊர் முழுக்கக் கவலைதான். தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு இரண்டு மாதம் மூன்று வீடு காலி என்றால் தூக்கம் போய்விடும். ஊர் திரும்ப எழுந்துவிடும், எப்போதும் எழுந்திருக்கிறது, ஆனால் அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் ஆறு மாதத் தவணைக்கான பணம் இருந்தால்தான் இந்தத் தொழிலில் இறங்கலாம். உங்கள் 28 லட்சத்தையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டால் அது இருக்காது.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ஈரோட்டில் தரைத் தளம் மட்டும் உள்ள சொந்த வீடு. டீச்சர், உங்கள் மாடி காலியாக இருக்கிறது! நிலம் வாங்க வேண்டாம், 9 சதவீதப் பதிவுச் செலவு இல்லை, அண்ணன் தம்பி கையெழுத்துக்கு அலைய வேண்டாம். மேலே 900 சதுர அடியில் ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, உள்ளேயே கழிப்பறை என்று இரண்டு சின்ன வீடு கட்டினால், சதுர அடிக்கு 2,300 என்று வைத்து ஏறக்குறைய 21 லட்சம். வீட்டுக்கு 7,000 வாடகை வந்தாலும் மாதம் 14,000. காலி, ரிப்பேர் என்று வருடத்துக்கு 20,000 கழித்தாலும் ஒன்றரை லட்சத்தை ஒட்டி நிற்கும், போட்ட பணத்துக்கு ஏழு சதவீதம். கடன் ஒரு ரூபாய் இல்லை. மிச்சம் 7 லட்சம் உங்கள் பேரில் டெபாசிட்டில் கிடக்கும். வாடகை 6,000-தான் கிடைக்கும் என்று வைத்தாலும் திருப்பூர்க் கணக்கைவிட இது மேல்.

இதிலும் தொந்தரவு உண்டு, மறைக்கவில்லை. தலைக்கு மேல் இரண்டு குடும்பம் நடமாடும், அதனால் படிக்கட்டை வெளியே தனியாக வையுங்கள், தண்ணீர் டேங்கையும் இ.பி. சர்வீஸையும் பிரித்துவிடுங்கள். உங்கள் வீட்டு வாசல் வழியாக யாரும் போய்வரும்படி வேண்டாம். மாநகராட்சியில் வரைபட அனுமதி வாங்கித்தான் தொடங்க வேண்டும், துறைக்கும் தெரியப்படுத்துங்கள்.

இதெல்லாம் உங்கள் அஸ்திவாரம் மாடியைத் தாங்கினால்தான். மேலே ஏறிப் பாருங்கள். தூண் இருக்கும் இடங்களில் மாடிக்கென்று கம்பி விட்டு வைத்திருக்கிறார்களா? கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கட்டியவர் மாடியை மனதில் வைத்திருக்கிறார், ஆனால் மழையில் நனைந்து துரு ஏறியிருக்கும், எந்த அளவு என்று பார்க்க வேண்டும். தூணே இல்லாமல் சுவர்மேல் நிற்கும் வீடு என்றால் அஸ்திவாரத்தை ஒரு மூலையில் தோண்டி ஆழமும் அகலமும் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஈரோட்டில் உள்ள ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பழைய வரைபடம் வீட்டில் இருந்தால் அவர் வரும் அன்று தேடி எடுத்து வையுங்கள். அந்த அறிக்கை வரும்வரை திருப்பூர்க்காரர்களுக்கு டோக்கன் அட்வான்ஸ் என்று எதுவும் கொடுக்க வேண்டாம்.